ரொக்கச் சம்பளம் வேண்டாம்

கேள்வி: கலிபோர்னியாவில் செரிட்டோஸ் நகரில் இருக்கிறோம். பக்கத்து வீட்டுக் கொரியப் பெரியவருக்கு 61 வயது. தென் கொரியாவின் உல்சான் நகரில் கப்பல் கட்டும் தளத்தில் 26 வருடம் வெல்டிங் சோதனை செய்தவர். மகள் மூலம் கிரீன் கார்டு கிடைத்து வந்தார். எட்டு மாதமாக வேலை தேடுகிறார், ஆங்கிலம் வரவில்லை. இப்போது ஒரு கொரியக் கடையில் மூட்டை இறக்கக் கூப்பிடுகிறார்கள், சம்பளம் ரொக்கமாம். போகச் சொல்லலாமா?
– ஒரு வாசகி

பதில்: போகட்டும். ஆனால் சம்பளச் சீட்டோடு போகட்டும்.

அமெரிக்காவில் ஓய்வூதியத்துக்கு சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசுத் திட்டத்தில், கணக்கில் வந்த சம்பளத்துக்காக ஏறும் புள்ளிகள் 40 வேண்டும். வருடத்துக்கு 4 புள்ளிக்கு மேல் கிடைக்காது. ‘71 வயது வரை யார் உழைப்பது, கையிலேயே கொடுங்கள்’ என்று பெரியவர்கள் நினைப்பது இயல்புதான். ஆனால் கொரியர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. இரு நாடுகளுக்கும் இடையே 2001 முதல் ஓர் ஒப்பந்தம் நடப்பில் உள்ளது. இங்கே 6 புள்ளி, அதாவது ஒன்றரை வருட வேலை, கணக்கில் ஏறினால் போதும். கொரியாவின் தேசிய ஓய்வூதியத்தில் கட்டிய வருடங்களையும் சேர்த்துத் தகுதி பார்ப்பார்கள். இங்கே உழைத்த அளவுக்குத்தான் தொகை, சிறியதுதான். ஆனால் ஆயுளுக்கும் வரும். கணக்கில் காட்டாமல் ரொக்கமாக வாங்கினால் அந்த 6 புள்ளியும் போச்சு. மூட்டை தூக்கி முதுகு பிடித்துக்கொண்டால், அங்கே வேலை பார்த்ததை நிரூபிக்கவே அலைய வேண்டும்.

ஆங்கிலம் மட்டும்தான் தடை என்று எனக்குத் தோன்றவில்லை. கொரியக் கடைகளில் ஆங்கிலம் இல்லாமலே ஓட்டிவிடலாம், ஆனால் அங்கே வயது இடிக்கும். மூத்தவரிடம் பேசினால் கொரிய மொழியில் வினைச்சொல்லே மாறும். அப்படிப் பேசிக்கொண்டே அவரை வேலை ஏவ 35 வயது மேலாளருக்குக் கூச்சம், அதனால் கூப்பிடவே யோசிப்பார். வயதைக் காட்டி 40 தாண்டியவரை ஒதுக்குவது சட்டப்படி தவறு. கலிபோர்னியாவில் 5 பேர் வேலை பார்க்கும் கடைக்கும் இது பொருந்தும். சரி, சட்டத்தைக் காட்டி வேலை வாங்க முடியுமா, சொல்லுங்கள்.

அவருக்குக் கையும் கண்ணும் இன்னும் நிதானமாக இருந்தால், சிறிய வெல்டிங் பட்டறைகளில் கேட்கச் சொல்லுங்கள். ஒரு துண்டைப் பற்றவைத்துக் காட்டச் சொல்வார்கள், அதற்கு ஆங்கிலம் தேவையில்லை. மாலையில் அடல்ட் ஸ்கூலில், அதாவது பெரியவர்களுக்கான பள்ளியில், இலவச ஆங்கில வகுப்பு இருக்கும். அப்புறம் பரிசோதகர் சான்றிதழுக்குப் படிக்கலாம்.

மகளிடம் ஒன்று கேளுங்கள். புறப்படும்போது, கொரியாவில் கட்டிய ஓய்வூதியப் பணத்தை அப்பா மொத்தமாகத் திரும்ப வாங்கிவிட்டாரா? வெளிநாட்டில் குடியேறுகிறவர்களுக்கு அந்த வசதி உண்டு. வாங்கியிருந்தால் நான் சொன்ன கணக்கே மாறிவிடும். வாங்கவில்லை என்றால், தொடாமல் இருக்கச் சொல்லுங்கள்.