வாசகர் கேள்வி பதில்: விடுபட்ட என்.ஐ. ஆண்டுகளைக் காசு கொடுத்து வாங்கலாமா?

பிரித்தானியாவில் நேஷனல் இன்சூரன்ஸ் (சுருக்கமாக என்.ஐ., அரச பென்சனுக்காக நாம் கட்டும் பங்களிப்பு) பதிவில் விடுபட்ட ஆண்டுகளைப் பணம் கட்டி நிரப்பினால் அரச பென்சன் கூடுமா என்று ஆளுக்கொரு விதமாகக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். கீழே வரும் தொகைகள் 2025-26 நிதியாண்டுக்கானவை, ஏப்ரலுக்கு ஏப்ரல் மாறும். பதில்கள் எல்லாம் 2016 ஏப்ரல் 6 அல்லது அதற்குப் பிறகு பென்சன் வயதை அடைந்தவர்களுக்கு, இனி அடையப் போகிறவர்களுக்கு.

கேள்வி: எனக்கு வயது 59. 1996இல் இங்கே வந்தேன். பிள்ளைகள் சிறிதாக இருந்தபோது வீட்டில் இருந்தேன், பிறகு சூப்பர் மார்க்கெட்டில் வேலை செய்தேன். 2019இல் வேலையை விட்டுவிட்டு மகளின் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறேன், மகள் வேலைக்குப் போகிறாள். என் பதிவில் 2019-20இலிருந்து வரிசையாக ஐந்து ஆண்டுகள் முழுமையாக இல்லை என்று காட்டுகிறது. ஆண்டுக்குத் தொள்ளாயிரம் பவுணுக்கு மேல் கேட்கிறார்கள். மொத்தமாகக் கட்டிவிடுவோம் என்கிறார் கணவர். கட்டலாமா?
– வாசகி, ஹரோ

பதில்: கணவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள் அம்மா. அந்த ஐந்து ஆண்டும் உங்களுக்கு இலவசமாகவே கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி, தாத்தா, சித்தி, மாமா யாராக இருந்தாலும், அவர்கள் பென்சன் வயதுக்குக் கீழே இருந்தால் என்.ஐ. கிரெடிட் கேட்கலாம், அதாவது காசு கட்டாமலே அந்த ஆண்டு பதிவில் ஏறும். நடப்பது என்னவென்றால், சைல்ட் பெனிஃபிட் என்ற பிள்ளைகளுக்கான அரச உதவித்தொகை எடுக்கிற உங்கள் மகளுக்கு அதோடு ஒரு கிரெடிட் வருகிறது. அவர் வேலை செய்து ஏற்கெனவே தகுதி ஆண்டு (பென்சனுக்குக் கணக்கில் சேரும் முழு ஆண்டு) பெற்றுவிடுவதால் அந்தக் கிரெடிட் அவருக்குத் தேவையில்லை, அதை உங்கள் பெயருக்கு மாற்றுகிறார்கள். படிவம் சி.ஏ.9176. நீங்களும் மகளும் கையெழுத்துப் போட வேண்டும். 2011 ஏப்ரல் வரை பின்னோக்கிக் கேட்கலாம், ஆனால் ஒரு நிதியாண்டு முடிந்து அந்த அக்டோபர் 31 கடந்த பிறகுதான் அந்த ஆண்டுக்கு விண்ணப்பிக்கலாம். ஒரு சைல்ட் பெனிஃபிட் கோரிக்கைக்கு ஒரு கிரெடிட்தான், குழந்தைகள் இரண்டு மூன்று இருந்தாலும் சரி. சம்பந்தி அம்மாவும் பாதி வாரம் பார்க்கிறார் என்றால் யார் பெயரில் போடுவது என்று குடும்பத்துக்குள் முதலே பேசி முடித்துக்கொள்ளுங்கள், பிறகு அது வேறு கதையாகிவிடும்.

மருமகனுக்கோ மகளுக்கோ சம்பளம் அதிகம் என்று சைல்ட் பெனிஃபிட்டுக்கு விண்ணப்பிக்காமலே விட்டுவிடும் வீடுகள் நிறைய. காசு வேண்டாம் என்று சொல்லலாம், ஆனால் பதிவு செய்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை.

அடுத்தது, உங்கள் சொந்தப் பிள்ளைகள் சிறிதாக இருந்த ஆண்டுகளையும் பதிவில் ஒருமுறை பாருங்கள். 1978 முதல் 2010 வரை சைல்ட் பெனிஃபிட் எடுத்த தாய்மாருக்கு ஹோம் ரெஸ்பான்ஸிபிலிட்டிஸ் புரொடெக்‌ஷன் என்ற பாதுகாப்பு இருந்தது. 2000 மே மாதத்துக்கு முன் விண்ணப்பித்தவர்கள் பலர் என்.ஐ. எண்ணைப் படிவத்தில் எழுதவில்லை, அதனால் அந்த ஆண்டுகள் பதிவில் ஏறாமலே போயின. இது அரசாங்கமே ஒப்புக்கொண்ட கோளாறு. சி.எஃப்.411 படிவத்தில் கேட்டால் திருத்துவார்கள். நம்முடைய வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு: வங்கிக் கணக்கு கணவர் பெயரில் இருந்ததால் சைல்ட் பெனிஃபிட்டும் அவர் பெயரிலேயே போயிருக்கும், வேலைக்குப் போன அவருக்குத் தேவைப்படாத கிரெடிட் அங்கே சும்மா கிடக்கும். அதையும் உங்கள் பக்கம் மாற்றக் கேட்கலாம்.

இவ்வளவும் செய்த பிறகும் ஓட்டை இருந்தால் கணக்குப் போடுவோம். கிளாஸ் 3 என்கிற விருப்பக் கட்டணம் வாரத்துக்கு 17.75 பவுண், முழு ஆண்டுக்கு 923 பவுண். முழுப் பென்சன் வாரத்துக்கு 230.25 பவுண், நிரப்பும் ஓர் ஆண்டுக்கு அதில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு, அதாவது வாரத்துக்கு 6.58 பவுண் கிடைக்கும். ஆண்டுக்கு 342 பவுண் கூடுகிறது, பென்சன் எடுக்கத் தொடங்கி மூன்று ஆண்டுக்குள் போட்ட காசு வந்துவிடும். இந்தக் கணக்கு நல்ல கணக்குத்தான், மறுக்கவில்லை. ஆனால் உங்களுக்குப் பென்சன் வயது 67, இன்னும் எட்டு ஆண்டு இருக்கிறது. அதற்குள் வேலையாலோ கிரெடிட்டாலோ முழுத்தொகையை எட்டிவிடுவீர்கள் என்றால் இன்று வாங்குகிற ஆண்டு வீண். பொதுவாக ஆறு ஆண்டு பின்னோக்கிக் கட்டலாம் என்பதால், மிகப் பழைய ஓட்டைக்கு மட்டும் ஏப்ரல் 5 என்ற கெடுவைக் கவனியுங்கள், மற்றதற்கு அவசரம் இல்லை. ஏதாவது ஓர் ஆண்டில் நாலைந்து வாரம் மட்டும் குறைகிறது என்றால் அதை நிரப்ப நூறு பவுண் கூட ஆகாது. வாங்குவதாக இருந்தால் அதைத்தான் முதலில் வாங்க வேண்டும்.

கேள்வி: வயது 64. முப்பது ஆண்டுக்கு மேல் கவுன்சில் வேலை. 2025 ஏப்ரல் 5க்குள் கட்டாவிட்டால் 2006 முதல் உள்ள ஓட்டைகளை இனி நிரப்ப முடியாது என்று எல்லோரும் சொன்னதால் 2008, 2009, 2010 என்று மூன்று ஆண்டுகளுக்குக் கட்டினேன். பணம் போய்ச் சேர்ந்து ஆண்டுகளும் முழுமையாகிவிட்டன. ஆனால் எவ்வளவு பென்சன் வரும் என்று காட்டும் ஃபோர்காஸ்டில் ஒரு பென்னி கூடக் கூடவில்லை. ஏமாற்றுகிறார்களா?
– வாசகர், லெஸ்டர்

பதில்: ஏமாற்றவில்லை ஐயா, ஆனால் கட்டுவதற்கு முன் யாராவது உங்களுக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டும். இந்த விஷயத்தில் இரண்டு அலுவலகங்கள். எந்த ஆண்டில் ஓட்டை, எவ்வளவு கட்ட வேண்டும் என்று சொல்வது வரித் திணைக்களமான எச்.எம்.ஆர்.சி. அதைக் கட்டினால் பென்சன் கூடுமா என்று சொல்ல வேண்டியது பென்சனைக் கவனிக்கும் திணைக்களமான டி.டபிள்யூ.பி.யின் ஃபியூச்சர் பென்சன் சென்டர். முதலாவது அலுவலகம் கேட்டதும் விலையைச் சொல்லிப் பணத்தை வாங்கிவிடும், அதனால் உங்களுக்குப் பலன் உண்டா என்பது அதன் வேலை இல்லை.

ஏன் கூடவில்லை என்றால், 2016 ஏப்ரலில் புதிய முறை வந்தபோது ஒவ்வொருவருக்கும் ஒரு தொடக்கத் தொகையைக் கணக்கிட்டார்கள். பழைய விதிப்படி ஒரு கணக்கு, புதிய விதிப்படி ஒரு கணக்கு, இரண்டில் எது பெரிதோ அது. பழைய விதியில் 30 ஆண்டு இருந்தாலே அடிப்படைப் பென்சன் முழுதாகிவிடும், முப்பத்தொன்றாவது ஆண்டுக்கு அங்கே மதிப்பே இல்லை. புதிய விதிக் கணக்கிலோ, கவுன்சில், என்.எச்.எஸ்., ஆசிரியர் வேலை என்று தனிப் பென்சன் திட்டத்தில் இருந்தவர்களுக்கு ஒரு தொகை கழிப்பார்கள். அதைத்தான் கான்ட்ராக்டட் அவுட் என்கிறார்கள். அந்தக் காலத்தில் நீங்கள் குறைந்த என்.ஐ. கட்டினீர்கள், அதற்குப் பதிலாக உங்கள் வேலைப் பென்சன் இருக்கிறது. கழிவுக்குப் பிறகு உங்களுக்குப் பழைய கணக்கே பெரிதாக நின்றிருக்கும். 2016க்கு முந்தைய ஆண்டுகளை எத்தனை நிரப்பினாலும் அது அசையாது.

2016க்குப் பிந்தைய ஆண்டுகளின் கதை வேறு. முழுத்தொகையை எட்டும் வரை அவை ஒவ்வொன்றும் முப்பத்தைந்தில் ஒரு பங்கைக் கூட்டும். உங்களுக்கு அந்தப் பக்கம் ஓட்டை இருந்து அதற்குக் கட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இப்போதும் கடைசி ஆறு ஆண்டுகளுக்குள் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். வேலையில் தொடர்கிறீர்கள் என்றால் அதுவே கூட்டிக்கொண்டு போகும், தனியே கட்ட வேண்டாம்.

பணம் திரும்புமா? முறைப்படி கட்டிய பணத்தை, பென்சன் கூடவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் பொதுவாகத் திருப்பித் தர மாட்டார்கள். ஆனால் கட்டும் முன் தொலைபேசியில் கேட்டு, கூடும் என்று அதிகாரி சொல்லியிருந்தால் நிலைமை வேறு. எந்தத் தேதி, எத்தனை மணிக்குப் பேசினீர்கள் என்று குறிப்பிட்டு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள், அழைப்பின் பதிவையும் கேளுங்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 67. ஆறு தகுதி ஆண்டுகள்தான் இருக்கின்றன, அதனால் அரச பென்சன் இல்லை. இன்னும் நான்கு ஆண்டுகளுக்குக் காசு கட்டிப் பத்தாக்கினால் கிடைக்கும் என்கிறார்கள். சேமிப்பு எதுவும் இல்லை, தனியாக இருக்கிறார். நான் கட்டித் தரலாமா?
– மகன், ஈஸ்ட் ஹாம்

பதில்: கட்டித் தர மனம் வந்ததே நல்ல விஷயம் தம்பி. ஆனால் முதலில் அம்மாவுக்குப் பென்சன் கிரெடிட், அதாவது வருமானம் குறைந்த முதியவர்களுக்கான அரச உதவித்தொகை, கேளுங்கள். நிரந்தர வதிவுரிமை இருந்து, பப்ளிக் ஃபண்ட்ஸ் தடை (அரச உதவித்தொகை எடுக்கக் கூடாது என்ற விசா நிபந்தனை) இல்லாதவர் என்றால், தனியாக இருப்பவரின் வருமானத்தை வாரத்துக்கு 227.10 பவுண் வரை அது நிரப்பித் தரும். நான்கு ஆண்டுக்கு நீங்கள் 3,692 பவுண் கட்டினால் அம்மாவுக்குப் பத்து ஆண்டுப் பென்சனாக வாரத்துக்கு ஏறத்தாழ 65 பவுண் 79 பென்ஸ் வரும், அதே நிமிடம் பென்சன் கிரெடிட்டில் அவ்வளவும் குறையும். மொத்தத்தில் அம்மாவின் கைக்கு வருவது அதே தொகை. உங்கள் காசை அரசாங்கத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்த மாதிரி.

ஒரே ஒரு விஷயத்தில் கணக்கு மாறும். பென்சன் கிரெடிட் வாங்குபவர் வெளிநாட்டில் பொதுவாக நான்கு வாரத்துக்கு மேல் தங்கினால் அது நின்றுவிடும். அரச பென்சன் அப்படி இல்லை, யாழ்ப்பாணத்தில் இருந்தாலும் வரும். அம்மா கடைசிக் காலத்தை ஊரிலே கழிக்கப் போகிறார் என்றால் அந்த நான்கு ஆண்டுகளை வாங்குவது மிக நல்ல முடிவு. இங்கேதான் இருப்பார் என்றால் வேண்டாம். இதை அம்மாவிடமே கேளுங்கள், பிள்ளைகள் தாங்களாக முடிவெடுக்கிற விஷயம் இல்லை.

வாங்குவதாக முடிவெடுத்தால் இழுக்காதீர்கள். பென்சன் வயதைக் கடந்தவர்களுக்குப் பொதுவாகப் பணம் கட்டிய பிறகுதான் கூடும், பின்னோக்கி நிலுவை தருவதில்லை. ஆறு ஆண்டுக் கெடுவும் ஒவ்வொரு ஏப்ரலிலும் ஓர் ஆண்டைத் தின்றுவிடும்.

கேள்வி: 2014 முதல் 2021 வரை மில்டன் கீன்ஸில் ஐ.டி. வேலை. இப்போது கோயம்புத்தூரில் வேலையாக இருக்கிறேன். ஏழு ஆண்டு இருக்கிறது, பத்து இல்லாததால் எல்லாம் வீண்தானா? பிரிட்டிஷ் குடியுரிமை எடுக்கவில்லை.
– வாசகர், கோவை

பதில்: குடியுரிமைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. கட்டிய என்.ஐ. உங்களுடையதுதான்.

வெளிநாடு போகும் முன் இங்கே வேலையில் இருந்து, குறைந்தது மூன்று ஆண்டு தொடர்ந்து இங்கே வாழ்ந்தவர்கள் அல்லது மூன்று ஆண்டுப் பங்களிப்பு கட்டியவர்கள், வெளிநாட்டிலும் வேலை செய்தால், கிளாஸ் 3க்குப் பதிலாகக் கிளாஸ் 2 என்ற மலிவான கட்டணத்தைக் கட்டலாம் என்று இருந்தது. வாரத்துக்கு 3.50 பவுண், ஆண்டுக்கு 182. மூன்று ஆண்டுக்கு ஐந்நூற்றுச் சொச்சம் பவுண் கட்டி, இல்லாத பென்சனை ஆண்டுக்கு மூவாயிரத்து நானூறு பவுண் பென்சனாக ஆக்கலாம். இதைவிட மலிவாக எங்கேயும் பென்சன் விற்றதாக எனக்குத் தெரியவில்லை, அதனால்தானோ என்னவோ 2025 நவம்பர் பட்ஜெட்டில் இதை மூடிவிட்டார்கள். 2026 ஏப்ரல் 6 முதலான வெளிநாட்டுக் காலத்துக்குக் கிளாஸ் 2 கிடையாது, கிளாஸ் 3 மட்டும்தான். அதற்கும் முன்பு மூன்று ஆண்டு போதும் என்றிருந்த தகுதி பத்தாகிவிட்டது. ஆனால் 2026 ஏப்ரல் 6க்கு முந்தைய ஆண்டுகளுக்குப் பழைய விதிதான். ஆகவே 2021க்குப் பிறகான மூன்று ஆண்டுகளைத் தேர்ந்தெடுத்து சி.எஃப்.83 படிவத்தை அனுப்புங்கள், தாமதிக்காதீர்கள். கிளாஸ் 2 விலையில் கட்ட விரும்புகிறேன் என்று தெளிவாக எழுதுங்கள்.

ஒரு கசப்பான செய்தியும் உண்டு. இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்து வாங்கினால் பென்சன் முதல் நாள் என்ன தொகையோ அதிலேயே உறைந்துவிடும், ஆண்டு உயர்வு கிடையாது. அமெரிக்காவில் இருந்தால் உயரும், கனடாவில் இருந்தால் உயராது. நியாயமா என்றால் இல்லை. அப்படியிருந்தும் ஐந்நூறு பவுணுக்கு இது லாபம்தான்.

கேள்வி: ஜெர்மனியில் பதினொரு ஆண்டு வேலை செய்துவிட்டு இங்கே வந்தேன். இங்கே எட்டு ஆண்டுதான் ஆகிறது, பென்சன் வயது நெருங்கிவிட்டது. இரண்டு ஆண்டு வாங்கினால்தான் பென்சன் என்று நண்பர் சொல்கிறார்.
– வாசகர், டூட்டிங்

பதில்: நண்பர் சொல்வது தவறு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வேலை செய்த ஆண்டுகள் அந்தப் பத்து என்ற வாசலைத் தாண்டக் கணக்கில் சேரும். தாண்டிய பிறகு இங்குள்ள எட்டு ஆண்டுக்கு இங்கே தருவார்கள், ஜெர்மனிக் காலத்துக்கு ஜெர்மனி தரும். விண்ணப்பிக்கும்போது அங்கே வேலை செய்ததையும் அங்குள்ள காப்புறுதி எண்ணையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். தொகையைக் கூட்ட விரும்பினால் இரண்டு ஆண்டு வாங்கலாம், அது வேறு விஷயம்.

கேள்வி: மினிகேப் ஓட்டுகிறேன். சென்ற ஆண்டு உடல்நலக் குறைவால் லாபம் ஐயாயிரம் பவுண்தான். கிளாஸ் 3 கட்டச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது.
– வாசகர், குரோய்டன்

பதில்: சுயதொழில் செய்பவர் நீங்கள், கிளாஸ் 3 எதற்கு? லாபம் 6,845 பவுணுக்குக் குறைவாக இருந்தால் கிளாஸ் 2ஐ நீங்களாக விரும்பிக் கட்டலாம், ஆண்டுக்கு 182 பவுண். செல்ஃப் அசெஸ்மென்ட் என்ற வருமான வரிப் படிவத்தில் அதற்கான கட்டம் இருக்கிறது, கணக்காளர் டிக் போட மறந்திருப்பார். பணம் அனுப்பும்போது அவர்கள் தரும் குறிப்பு எண்ணைச் சரியாகப் போடுங்கள். எண் பிசகினால் பணம் எங்கோ போய் மாதக்கணக்கில் கிடக்கும், வங்கி ரசீதை வைத்துக்கொண்டு தொலைபேசியில் காத்திருக்க வேண்டி வரும்.