செலவு இறங்கினால் விலை ஏன் இறங்குவதில்லை?

கேள்வி: பலசரக்குக் கடையில் விலை ஏன் ஏறியது என்று கேட்டால், "கம்பெனிக்காரன் ஏத்திட்டான்க்கா" என்கிறார் கடைக்காரர். கம்பெனியோ மூலப்பொருள் விலை ஏறிவிட்டது என்கிறது. லாபம் யாருக்குத்தான் போகிறது?
- வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: கடைக்காரர் மேல் கோபப்படாதீர்கள் அம்மா, அவர் கைக்கு வரும்போதே பாக்கெட்டில் எம்.ஆர்.பி. அச்சாகித்தான் வருகிறது. கம்பெனி சொல்வதும் முழுப் பொய் இல்லை. நம் நாட்டுச் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதிதான். 2024 செப்டம்பரில் மத்திய அரசு கச்சா பாமாயிலுக்கு 20 சதவீத அடிப்படை வரி போட்டதும் பிஸ்கட், சோப்பு என்று பாமாயில் சேர்கிற எல்லாவற்றுக்கும் செலவு கூடியது. சரி, 2025 மே கடைசியில் அந்த வரியை 10 சதவீதமாகக் குறைத்தார்களே, அப்போது உங்கள் வீட்டு பிஸ்கட் விலை இறங்கியதா? என் வீட்டில் இறங்கவில்லை. செலவு ஏறினால் உடனே நம் தலையில் கட்டுவதும், இறங்கினால் சத்தமில்லாமல் அந்த வித்தியாசத்தை எடுத்து வைத்துக்கொள்வதும் நியாயமே இல்லை.

அமெரிக்காவில் கம்பெனி இல்லை, கடைகள் விஷயத்தில் இதைக் கணக்குப் போட்டே காட்டினார்கள். உணவுப்பொருள் விற்கும் சில்லறைக் கடைகளின் வருமானம் மொத்தச் செலவைவிட எவ்வளவு கூடுதல் என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் பார்த்தது. 2015இல் 5.6 சதவீதம்தான் உச்சம், 2021இல் 6ஐத் தாண்டியது, 2023இன் முதல் ஒன்பது மாதத்தில் 7. கொரோனா காலத்துச் சரக்குத் தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் லாபம் ஏறிக்கொண்டே போயிருக்கிறது பாருங்கள்.

இங்கே விலையைத் தொடாமல், எடையைக் குறைத்தும் ஏற்றுகிறார்கள். நேற்று ஒரு 5 ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தேன், இரண்டு பக்கமும் கட்டைவிரல் அகலத்துக்கு வெறும் காற்று. அதனால் விலையைப் பார்க்கும் முன் கிராமைப் பாருங்கள். பருப்பு, மிளகாய் எல்லாம் முடிந்தவரை சில்லறையாக நிறுத்து வாங்குங்கள். அப்புறம், ரேஷன் கார்டு இருந்தால் கேரள அரசின் மாவேலி ஸ்டோரில் 13 பொருள் மானிய விலையில் உண்டு, அதை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: தேங்காய் எண்ணெய் விலை ஏறியதும் கம்பெனி வேலைதானா?
- வாசகர், கோவிந்தாபுரம்

பதில்: இல்லை. 2025இல் காயே இல்லை. வெள்ளை ஈயும் வேர் வாடலும் பொள்ளாச்சித் தோப்புகளை என்ன பாடு படுத்தின என்று உங்களுக்கே தெரியும். நானே கொப்பரை வாங்கி மில்லில் ஆட்டிப் பார்த்தேன், கிட்டத்தட்ட கடை விலைதான் வந்தது.