சிலிங்குக்குள் வைஃபை பெட்டி: சுங்கை சிப்புட் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அண்ணே, எங்கள் கிளினிக்கில் வைஃபை பெட்டியைச் சிலிங்குக்கு மேலே வைக்கலாமா?

பதில்: முதலில் ஏர்கோனைப் பாருங்கள் தங்கச்சி. சுவரில் மாட்டிய ஸ்பிளிட் ஏர்கோன் என்றால் அறைக் காற்று சிலிங்குக்கு மேலே போவதில்லை. சென்ட்ரல் ஏர்கோனாக இருந்து, திரும்பும் காற்று குழாய் இல்லாமல் சிலிங்குக்கு மேல் உள்ள வெற்றிடம் வழியாகவே போனால், அந்த இடத்துக்குப் பெயர் பிளீனம். அங்கே ஒரு பெட்டி பற்றிக்கொண்டால், ஏர்கோனே புகையை மற்ற அறைகளுக்குக் கொண்டுபோய்விடும். நெருப்பு கண்ணில் படும் முன்பே படுக்கையில் இருக்கும் நோயாளி மூச்சுத் திணறுவார். அதனால் பிளீனத்தில் யுஎல் 2043 சோதனையில் தேறிய பெட்டியைத்தான் வையுங்கள். இது அமெரிக்கத் தரம். பெட்டியையே தீயில் காட்டிப் பார்ப்பார்கள். வெளிவரும் வெப்பம் உச்சத்தில் 100 கிலோவாட்டைத் தாண்டக் கூடாது. புகை வெளிச்சத்தை எவ்வளவு மறைக்கிறது என்று காட்டும் ஒளி அடர்த்தி உச்சத்தில் 0.50-ஐயும் சராசரியில் 0.15-ஐயும் தாண்டக் கூடாது. புகையையும் சேர்த்து அளப்பதுதான் எனக்கு இதில் முக்கியம்.

கேள்வி: பெட்டியில் வி-0 என்று இருக்கிறதே, அது போதாதா?

பதில்: போதாது. அது யுஎல் 94 சோதனை. ஒரு சிறு பிளாஸ்டிக் துண்டில் சுடர் காட்டி, எடுத்தபின் 10 வினாடிக்குள் அணைகிறதா என்று பார்ப்பார்கள். புகையை அளப்பதே இல்லை. கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்றால் நம்பாதீர்கள்.

கேள்வி: புகை குறைவான, ஹாலஜன் இல்லாத கேபிள் வாங்கிவிட்டேன். பிளீனத்துக்கு ஆகுமா?

பதில்: நல்ல கேபிள்தான், பிவிசி போல எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு விடாது. ஆனால் பிளீனம் கேபிளுக்கு என்எஃப்பிஏ 262 என்று தனி அமெரிக்கச் சோதனை உண்டு; அதில் சுடர் 1.5 மீட்டருக்கு மேல் பரவக் கூடாது. அந்தக் கேபிளின் மேலுறையில் சிஎம்பி என்று அச்சிட்டிருக்கும். உங்கள் கட்டடத்துக்கு எது என்பதைக் கன்சல்டண்டிடமும் போம்பாவிடமும் (தீயணைப்புத் துறை) கேட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: அடாப்டரையும் மேலே வைக்கலாமா?

பதில்: வேண்டாம். பெட்டி தேறியதென்றால் அடாப்டரும் தேறியது என்று அர்த்தமில்லை. நெட்வொர்க் கேபிள் வழியாகவே கரண்ட் தரும் பிஓஇ சுவிட்சைக் கீழே வையுங்கள்.

கேள்வி: தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் காற்றாடி மட்டும்தான். அங்கேயும் இந்தச் செலவா?

பதில்: தேவையில்லை தம்பி. அந்தப் பணத்தில் கேபிளைப் பைப்புக்குள் விடுங்கள், எலி கடிக்காது.

கேள்வி: பழைய கேபிளை அப்படியே விடலாமா?

பதில்: பிளீனத்தில் விடாதீர்கள். எரியக்கூடிய பொருள் அங்கே தேவையின்றிக் கிடக்கக் கூடாது. புதிய கேபிள் இழுக்கும் நாளிலேயே பழையதை வெளியே எடுக்க வேண்டும் என்று கான்ட்ராக்டரின் கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள்.