கடவுள் பேச்சே இல்லாமல் நாவல் எழுதியவர், கிறிஸ்தவ விசுவாசத்துக்கு வந்தபின் அதையே கதையாக்கினால் எழுத்து கெட்டுப்போகுமா?

கெட்டுப்போகலாம். எனக்குக் கொஞ்சக் காலம் கெட்டுத்தான் போனது, அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நான் திருகோணமலை. முன்பு எழுதிய இரண்டு நாவல்களிலும் கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் ஊர்ச் சத்தமாக வருமே தவிர, கடவுளை யாரும் தேட மாட்டார்கள். நாற்பத்திரண்டு வயதில் பாலையூற்று மாதா கோவிலில் ஞானஸ்நானம் பெற்றேன். அதற்குப் பிறகு எழுதத் தொடங்கியது ஒரு மீனவப் பெண்ணின் கதை. 2004 சுனாமியில் அவளுடைய மகன் போய்விடுகிறான். அன்று புருசனின் தம்பி இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஓடியவன், தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இவள் பிள்ளையின் கையை விட்டுவிட்டான். பதினோராம் அத்தியாயத்தில் ஒரு பிரசங்கம் கேட்டு அழுது, அன்றைக்கே அவனை மன்னித்துவிடுகிறாள். எழுதும்போது எனக்கும் கண்ணீர் வந்தது, நல்லாய் வந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

மாமிக்கு வாசிக்கக் கொடுத்தேன். தினமும் விடியப் பூசைக்குப் போகிறவர், செபமாலை கையை விட்டு இறங்காது. அடுப்படியில் இருந்து தாள் தாளாகப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "தம்பி, இவள் இன்னும் அவன்ர வீட்டு வாசல்கூட மிதிக்கேல்லையே, அதுக்குள்ள எப்படி மன்னிச்சவள்?"

இதை ஒரு விமர்சகர் சொல்லியிருந்தால், விசுவாசம் இல்லாதவர் அப்படித்தான் சொல்வார் என்று ஒதுக்கியிருப்பேன். சொன்னது மாமி. கடவுள் எனக்குச் செய்ததை அவளுக்கும் உடனே செய்துகொடுக்க நான் அவசரப்பட்டிருக்கிறேன், அவளுடைய ஒன்பது வருசக் கோபத்தை ஒரு பக்கத்தில் துடைத்துவிட்டேன். அந்த அத்தியாயத்தை மட்டும் இல்லை, அதற்குப் பின்னால் இருந்த நூற்றுச் சொச்சம் பக்கங்களையும் எடுத்துவிட்டேன்.

இந்தப் பாதையில் முன்பே போனவர்கள் இருக்கிறார்கள். 1976இல் இரத்தக் காட்டேரி நாவலால் பேர் வாங்கிய அமெரிக்க எழுத்தாளர் ஆன் ரைஸ், 1998இல் கத்தோலிக்கத்துக்குத் திரும்பி, 2005இல் சிறுவன் இயேசுவே தன் கதையைச் சொல்வதுபோல் ஒரு நாவல் எழுதினார். 2010இல் கிறிஸ்தவ அமைப்பிலிருந்து விலகுகிறேன், கிறிஸ்துவிடமிருந்து இல்லை என்று வெளிப்படையாக அறிவித்தார். காதல் நாவல் எழுதிக்கொண்டிருந்த பிரான்சின் ரிவர்ஸ் 1986இல் விசுவாசத்துக்கு வந்தபின், பைபிளில் துரோகம் செய்த மனைவியைத் திரும்பச் சேர்த்துக்கொண்ட ஓசியா தீர்க்கதரிசியின் கதையைக் கலிபோர்னியாவில் தங்கம் தேடிய காலத்துக்குக் கொண்டுபோனார். காதலை அவர் விடவில்லை, கவனியுங்கள். நம்ம பக்கத்தில் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. வைணவராகப் பிறந்து 1858இல் கிறிஸ்தவரானவர், 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற கிறிஸ்தவக் காவியம் வந்தபோது அதில் கம்பனின் நடை அப்படியே இருந்தது. அவர் கம்பனைத் தூக்கி எறிந்திருந்தால் அந்தக் காவியமே இருந்திருக்காது. கிறிஸ்தவக் கதை நம்ம ஊருக்குப் புதுசு என்றும் யாரும் நினைக்க வேண்டாம், திருகோணமலை இன்னாசித்தம்பி 'ஊசோன் பாலந்தை கதை'யை 1891இலேயே எழுதிவிட்டார்.

அதனால், உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால், பழைய கையைக் கழுவிவிட வேண்டாம். மனுசரைப் பார்க்கப் பழகிய அதே கண்தான் இதற்கும் வேண்டும். இரண்டு பக்கமும் இழுப்பார்கள், சரி, இழுக்கட்டும். பழைய வாசகர் ஒருவர் "மதம் உன்ர விருப்பம், கதையைக் கெடுக்காதே" என்றார். கோவிலில் ஒருவர், உங்கட நாவலில் ஏன் ஒருவன் சிகரெட் பிடிக்கிறான், எடுத்துவிடுங்கள் என்றார். நான் எடுக்கவில்லை, அவன் பிடிக்கிறவன்.

இப்போது எழுதும் பகுதியில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை. அந்தப் பெண் நெத்தலிக் கருவாட்டுக்கு உப்புப் போட்டு வெடித்த கையோடு வந்திருக்கிறாள். அவனும் வந்திருக்கிறான். ஒருவருக்கொருவர் சமாதானம் தெரிவிக்கும் நேரம் வந்ததும், மூன்று வாங்கு முன்னால் அவன் திரும்பிக் கைகூப்பி நிற்கிறான். அவள் குனிந்து பைக்குள் செபமாலையைத் தேடுகிறாள். செபமாலை அவள் கழுத்தில்தான் கிடக்கிறது. இரண்டு மாதமாக நான் அந்த இடத்தில்தான் நிற்கிறேன், அவள் நிமிரும்வரை அடுத்த வரியை எழுத மாட்டேன்.