உப்சாலாவின் வயதும் கட்டணமும்

கேள்வி: ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகம் 1477 முதல் இடைவிடாது இயங்கி வருவதாகவும், அங்கே 50,000 மாணவர்கள் கட்டணமின்றிப் படிப்பதாகவும், நோபல் பரிசாளர்களை அது வரிசையாக உருவாக்கியிருப்பதாகவும் ஒரு விளம்பரக் கையேட்டில் படித்தேன். என் மகளை முதுகலைப் படிப்புக்கு அங்கே அனுப்ப எண்ணுகிறேன். இந்தத் தகவல்களை நம்பலாமா?
– வாசகர், கும்பகோணம்.

பதில்: முதல் தகவலில் ஒரு சொல் தவறு. மற்ற இரண்டும் பாதி உண்மைகள். அவற்றுள் கட்டணத்தைப் பற்றியது உங்கள் பணப்பையைத் தொடுவதால், அதை நம்பிப் பயண ஏற்பாட்டில் இறங்கிவிடாதீர்கள்.

ஆண்டு சரிதான். போப் நான்காம் சிக்ஸ்டஸ் அளித்த ஆணையின் பேரில், பேராயர் யாகோப் உல்ஃப்ஸோன் முன்னின்று 1477இல் நிறுவிய பல்கலைக்கழகம் அது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்துக்கு இரண்டாண்டு மூத்தது. நோர்டிக் நாடுகள் எனப்படும் வட ஐரோப்பிய நாடுகளிலேயே முதலாவது. தவறான சொல் ‘இடைவிடாது’ என்பது. 16ஆம் நூற்றாண்டில் ஸ்வீடன் ரோமத் திருச்சபையிடமிருந்து பிரிந்த குழப்பத்தில் அந்தப் பல்கலைக்கழகம் பல பத்தாண்டுகள் பாடமின்றி முடங்கிக் கிடந்தது. 1593இல் உப்சாலாவில் கூடிய திருச்சபைப் பேரவை அதை மீட்க முடிவெடுத்த பிறகு, 1595இல்தான் அதற்கு மறுவாழ்வு கிடைத்தது. அப்போதும் கையில் காசில்லை. கோயிலுக்கு மன்னர்கள் இறையிலி நிலம் எழுதிவைத்ததைப் போல, 1624இல் அரசர் குஸ்தாவ் அடால்ஃப் தம் மரபுவழிச் சொத்தாகிய முந்நூறுக்கும் மேற்பட்ட பண்ணைகளைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார். அந்தக் கொடையின் வழிவந்த காடுகளும் நிலங்களும் இன்றைக்கும் அதற்கு வருமானம் தருகின்றன. உப்சாலா நிலைத்து நிற்பதற்குக் காரணம் போப்பின் முத்திரையைவிட இந்தப் பண்ணைகளே என்பது என் கருத்து. ஆனால் கையேடு எழுதுபவர்களுக்கு 1624 அவ்வளவு கவர்ச்சியான ஆண்டு அன்று.

நோபல் கணக்குக்கு வருவோம். பரிசாளர் என்று எண்ணும்போது அங்கே படித்தவரா, பணியாற்றியவரா, பரிசுக்குரிய ஆய்வை அங்கே செய்தவரா என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. ஸ்வான்டே அரேனியஸ் 1884இல் உப்சாலாவில் அளித்த ஆய்வேட்டுக்கு அங்கிருந்த பேராசிரியர்கள் மிகக் குறைந்த தரமே வழங்கினார்கள். உப்பு போன்றவை நீரில் கரையும்போது மின்னூட்டமுள்ள துகள்களாகப் பிரிகின்றன என்று அந்த ஏட்டில் முளைவிட்ட கொள்கைக்காகவே 1903இல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தபோது அவர் ஸ்டாக்ஹோமில் பேராசிரியராக இருந்தார். இன்று அவர் உப்சாலாவின் பெருமைப் பட்டியலில் இருக்கிறார். 1914ஆம் ஆண்டின் மருத்துவ நோபலைப் பெற்ற ராபர்ட் பாரானி அதற்குரிய ஆய்வை வியன்னாவில் செய்தவர். போர்க்கைதியாக ரஷ்யாவில் இருந்தபோது பரிசுச் செய்தி அவரை எட்டியது. உப்சாலாவுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். இவர்களை ஒதுக்கிவிட்டாலும் பட்டியல் வறண்டுவிடாது. அதிவேக மையவிலக்குக் கருவியை உருவாக்கிய ஸ்வெட்பெரி 1926இலும், அவருடைய மாணவர் டிசேலியஸ் 1948இலும், இயற்பியலாளர் காய் சீக்பான் 1981இலும் பெற்ற பரிசுகள் உப்சாலாவுக்கே முழு உரிமையுள்ளவை. இவ்வளவு இருக்க, இரவல் நகையும் எதற்கென்று விளங்கவில்லை.

நோபல் எண்ணிக்கையில் மயங்குகிறவர்கள், அந்தப் பரிசே பிறக்காத காலத்தில் அங்கிருந்தவர்களை மறந்துவிடுகிறார்கள். வெப்பமானியின் அளவீட்டுக்குப் பெயர் தந்த செல்சியஸ் உப்சாலாவின் வானியல் பேராசிரியர். 1742இல் அவர் முன்வைத்த அளவீட்டில் நீர் கொதிக்கும் நிலை 0, உறையும் நிலை 100. அது தலைகீழாக்கப்பட்டது அவர் மறைவுக்குப் பிறகு. உயிரினங்களுக்கு இருசொற் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் 1741இல் அங்கே மருத்துவப் பேராசிரியரானார். அவரிடம் பயின்ற கோனிக் 1768இல் மிஷன் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்து, தென்னிந்தியத் தாவரங்களைத் திரட்டி ஆராய்ந்தார். உங்கள் ஊரிலிருந்து எட்டிவிடக்கூடிய தூரம்தான். உப்சாலா அவ்வளவு அந்நியமான பெயர் அன்று.

50,000 என்பது ஏறத்தாழச் சரியான எண்ணிக்கை. 2013இல் பால்டிக் கடலில் உள்ள காட்லாண்ட் தீவின் கல்லூரி இணைக்கப்பட்டதால், அங்குள்ள வளாகமும் இதில் அடங்கும். மகளை அனுப்ப எண்ணுவதால் இதையும் சொல்கிறேன்: உப்சாலா தன் முதல் மாணவியைச் சேர்த்துக்கொண்டது 1872இல், ஒரு பெண் அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்தது 2012இல்.

ஆனால் அந்த 50,000 பேரும் கட்டணமின்றிப் படிக்கவில்லை. ஸ்வீடன், ஐரோப்பிய ஒன்றியம், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி, சுவிட்சர்லாந்து ஆகியவற்றின் குடிமக்களுக்கு மட்டுமே இளங்கலையும் முதுகலையும் இலவசம். மற்ற நாட்டவர்க்கும் முன்பு இலவசமாகவே இருந்தது. 2011 இலையுதிர் பருவத்தில் ஸ்வீடன் அரசு அதை மாற்றியது. மாற்றிய அந்த ஆண்டிலேயே ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து ஸ்வீடனுக்கு வந்த மாணவர் எண்ணிக்கை சரிந்து விழுந்தது. இன்று உப்சாலாவில் முதுகலைக்கு ஆண்டொன்றுக்கு ஸ்வீடன் நாணயத்தில் ஒரு லட்சம் குரோனர் ஆகும், அறிவியல் பாடங்களுக்கு அதற்கும் மேல். நம் பணத்தில் எட்டு லட்ச ரூபாய்க்குக் குறையாது. விடுதி வாடகையும் சாப்பாட்டுச் செலவும் தனி. விண்ணப்பத்துக்கே 900 குரோனர் கட்ட வேண்டும். உதவித்தொகைகள் உண்டு, ஆனால் போட்டி கடுமை.

உங்கள் கையேடு சொல்லாமல் விட்ட நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. முனைவர் பட்ட ஆய்வுக்கு எந்த நாட்டவரிடமும் அங்கே கட்டணம் வாங்குவதில்லை. ஆய்வு மாணவர் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் ஊழியராகவே நியமிக்கப்பட்டு மாதச் சம்பளம் பெறுகிறார். அந்த இடங்கள் வேலை அறிவிப்பைப் போலவே விளம்பரம் செய்யப்படுகின்றன. முகவர் எவரும் வேண்டியதில்லை. உங்கள் மகளுக்கு ஆராய்ச்சியில் நாட்டம் இருந்தால், முதுகலையை இங்கேயே நன்றாக முடித்துவிட்டு அந்த அறிவிப்புகளுக்கு நேரடியாக விண்ணப்பிக்கட்டும்.