கேளுங்க சொல்றேன்: டபுளா, ட்வினா?

கேள்வி: அக்கா, நானும் என் பார்ட்னரும் (அவனும் ஆம்பளதானுங்க) லண்டன் போறோம். பனியன் கம்பெனி சோலி முடிஞ்சதும் சொந்த செலவுல கொஞ்சநாள் சுத்தலாம்னு பிளான். ஓட்டல் கட்டுபடியாகாதுன்னு காலைல டிபனோட ஊட்லயே ரூம் குடுக்கற பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் பாத்தோம், எங்கள மாதிரி ஜோடிக்கும் எடம் உண்டுங்கற அர்த்தத்துல கே ஃபிரண்ட்லின்னு போட்டிருக்கு. நம்பலாமுங்களா? பாஸ்போர்ட்ல ஏதும் ஏறிருமா, ஊட்டுக்கு தெரிஞ்சிருமா?
- பேர் வேண்டாம், திருப்பூர்

பதில்: வெசனப்படாதீங்க தம்பி. பாஸ்போர்ட்ல ஒண்ணும் ஏறாது. அங்க தங்கற எடத்துல பேரு, எந்த நாடுன்னு எழுதி 12 மாசம் வெச்சிருக்கோணும், அது சட்டம். கூட வந்தது யாரு, என்ன உறவுன்னெல்லாம் அந்த நோட்டுல கேக்கறதில்ல.

கே ஃபிரண்ட்லின்னு யாரு வேணா போட்டுக்கலாமுங்க, அதனால காசு கட்டறதுக்கு முன்னாடி ஒரு மெயில் போட்டுருங்க, நாங்க ஒரு ஜோடி, டபுள் ரூம் வேணும்னு ஒரே வரி போதும். வர்ற பதில்லயே ஆள் எப்படின்னு தெரிஞ்சிரும். டபுள்னா ஒரே பெரிய கட்டில், ட்வின்னா தனித்தனியா ரெண்டு. கூச்சப்பட்டுட்டு ட்வின் போட்டுட்டு அங்க போயி மொணகறவங்க நெறைய பேரு. கேன்சல் பண்ணா காசு திரும்ப வர்ற ரூமா பாருங்க, ரெண்டு பேரா போயி தங்குனவங்க எழுதுன ரிவ்யூவையும் படிங்க. ஜூன் கடைசி, ஜூலை ஆரம்பத்துல அங்க உங்கள மாதிரி ஜோடிக எல்லாம் சேந்து போற பிரைடு ஊர்வலம் நடக்கும், அப்ப வாடகை எகிறும்.

சட்டம் உங்க பக்கம்தான். 2008ல கார்ன்வால்ல ஒரு விடுதிக்காரங்க, கல்யாணம் ஆன ஆணு பொண்ணுக்குத்தான் டபுள் கட்டில்னு சொல்லி ரெண்டு ஆம்பளைங்கள திருப்பி அனுப்பிட்டாங்க, இவங்க கேஸ் போட்டு 2013ல அந்த ஊரு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் ஜெயிச்சாங்க. 2010 சமத்துவ சட்டத்துலயும் அப்படி திருப்பி அனுப்பறது தப்புதான். ஆம்பளையும் ஆம்பளையும் சேந்தா குத்தம்னு வெச்சிருந்த 377ங்கற சட்டப் பிரிவை நமக்கு எழுதிக் குடுத்துட்டுப் போனதும் இதே வெள்ளைக்காரங்கதான், அது வேற கதை.

பழைய ஊடுக, படி நெம்ப குறுகல், லிஃப்ட் இருக்காது, பெரிய பெட்டியத் தூக்கிட்டுப் போயி அல்லாடாதீங்க. பாத்ரூம் ரூமோட சேந்ததா பொதுவான்னும் கேட்டுக்குங்க. காலை டிபன் தட்டுல கறுப்பா வட்டமா ஒண்ணு வெப்பாங்க, அது பன்னி ரத்தத்துல செஞ்சது. வேண்டாம்னா மொத நாள் ராத்திரியே சொல்லிருங்க, காளான், தக்காளி, பீன்ஸ், டோஸ்ட்னு குடுப்பாங்க.

ஊட்டுக்கு தெரியறது லண்டன்ல இருந்து இல்லீங்க, திருப்பூர்ல இருந்துதான். கம்பெனி டிராவல் ஏஜெண்ட்கிட்ட ரூம் போட்டா பில்லு அக்கவுண்ட்ஸ் டேபிளுக்குப் போகும், அப்பா நம்பர்ல இருக்கற கார்டுல கட்டுனா மெசேஜ் அவருக்குப் போகும். அதனால சொந்த கார்டு, சொந்த மெயில்.

கேள்வி: லண்டன் இருக்கட்டும்க்கா, கோயமுத்தூர்ல நானும் என் பார்ட்னரும் (அவளும் பொண்ணுதான்) ரூம் எடுத்தா போலீஸ் புடிக்குமா?
- வாசகி, பொள்ளாச்சி

பதில்: புடிக்க சட்டம் இல்ல கண்ணு. 2018 செப்டம்பர் 6ந்தேதியே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, வயசு வந்த ரெண்டு பேரு இஷ்டப்பட்டு இருந்தா குத்தமில்லன்னு. அடுத்த வருசமே கோயமுத்தூர்ல கல்யாணம் ஆகாத ஜோடிக்கு ரூம் குடுத்தாங்கன்னு ஒரு சர்வீஸ் அப்பார்ட்மெண்டுக்கு சீல் வெச்சாங்க, அதுல ஒண்ணும் குத்தமில்லன்னு சொல்லி மெட்ராஸ் ஹைகோர்ட் சீலை எடுக்கச் சொல்லிருச்சு. நீங்க ரெண்டு பொண்ணுங்கன்னா காலேஜ் சிநேகிதின்னு நெனச்சு சாவிய நீட்டிருவாங்க! ஆதார்ல உள்ளூர் அட்ரஸ்னா சில லாட்ஜுல ரூம் தர்றதில்ல, போன்லயே கேட்டுக்குங்க. ஊட்ல காணோம்னு கம்ப்ளைண்ட் குடுத்தாலும், வயசு வந்தவங்கன்னா வாக்குமூலம் வாங்கிட்டு தொந்தரவு பண்ணாம முடிச்சிரோணும்னு 2021ல ஹைகோர்ட் போலீசுக்கு சொல்லிருக்கு.

கேள்வி: தோட்டத்து ஊட்ல ரெண்டு ரூம் சும்மா கெடக்குது, ஹோம்ஸ்டேக்கு உடலாம்னு இருக்கறேன். இந்த மாதிரி ஆளுக வந்தா என்ன பண்றதுங்க?
- விவசாயி, ஆனைமலை

பதில்: காப்பி குடுங்க. அவங்க வெளிநாட்டுக்காரங்களா இருந்தா மட்டும், யாரு வந்து தங்கறாங்கன்னு 24 மணி நேரத்துக்குள்ள ஆன்லைன்ல அரசாங்கத்துக்குத் தகவல் ஏத்திருங்க, அதை உட்டாத்தான் வம்பு.