சுண்டுவிரலுக்குள் ஒரு கட்டி

கேள்வி: தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது இடது கை சுண்டுவிரல் 'டக்'கென்று ஒடிந்துவிட்டது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், எலும்புக்குள் 'என்காண்ட்ரோமா' என்ற கட்டி இருக்கிறது, எலும்பு கூடிய பிறகு ஆபரேஷன் செய்யலாம் என்கிறார். இது புற்றுநோயா? வீட்டில் புத்தூர் கட்டே போதும் என்கிறார்கள். எனக்கு வயது 34, தையல்தான் பிழைப்பு.
- வாசகி, திருப்பூர்

பதில்: முதலில் பயத்தை விடுங்கள். என்காண்ட்ரோமா புற்றுநோய் அல்ல. எலும்புக்குள் தங்கி வளர்ந்துவிட்ட குருத்தெலும்பு. கை எலும்புகளில் வரும் கட்டிகளில் இதுதான் அதிகம். வலியே இருக்காது. உள்ளேயிருந்து எலும்பை மெல்லிய ஓடாக்கிவிடும்; அப்புறம் ஒரு குடம் போதும், ஒடிவதற்கு. வண்டு துளைத்த மூங்கில் மாதிரி.

கட்டுப் போட்டால் ஒடிந்தது கூடலாம். ஆனால் உள்ளே இருக்கும் குருத்து அப்படியேதான் இருக்கும், திரும்ப ஒடியவும் செய்யலாம்.

எலும்பு கூடட்டும் என்று உங்கள் டாக்டர் காத்திருப்பது சரியான யோசனைதான். நொறுங்கிய ஓட்டில் கருவியை விட்டுச் சுரண்டுவது கஷ்டம். (விரல் கோணிக்கொண்டிருந்தால் மட்டும் சிலர் இரண்டையும் சேர்த்தே முடித்துவிடுவார்கள்.) பெரும்பாலும் கையை மட்டும் மரத்துப்போகச் செய்து, எலும்பில் சின்ன ஜன்னல் வெட்டி, கரண்டி போன்ற கருவியால் வழித்தெடுப்பார்கள். இளநீர் வழுக்கையைச் சுரண்டுவதுபோலத்தான். வருவதும் கொஞ்சம் நீலம் பாய்ந்த வெள்ளையாக, நறநறவென்று இருக்கும். அந்தக் குழியை இடுப்பெலும்பிலிருந்தோ மணிக்கட்டிலிருந்தோ எடுத்த எலும்புத் துகளால் நிரப்பலாம், செயற்கை எலும்பும் வைக்கலாம். நிரப்பாமல் விட்டாலும் பல மாதங்களில் தானே எலும்பு வளர்ந்துவிடும். ஆகவே 'ஒன்றும் வைக்கவில்லை' என்று சொன்னால் பதறாதீர்கள்.

எடுத்ததைக் கட்டாயம் பயாப்ஸிக்கு அனுப்பச் சொல்லுங்கள், எக்ஸ்ரேயையும் சேர்த்து. விரல் எலும்பில் வரும் இந்தக் கட்டி, சாதுவாக இருந்தாலும் மைக்ராஸ்கோப்பில் கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தெரியும். படத்தைப் பார்க்காமல் அறிக்கை எழுதினால் வீண் பீதிதான். வேறு விரல்களிலும் கட்டி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பல இடங்களில் இருந்தால் அது வேறு கதை, தொடர் கண்காணிப்பு தேவைப்படும்.

உங்கள் தொழிலுக்கு நான் பயப்படுவது கட்டியை நினைத்து அல்ல, விரல் விறைத்துப்போவதை நினைத்துத்தான். துணியை நகர்த்திக் கொடுப்பது இடது கைதானே? வலிக்குப் பயந்து விரலை நீட்டியே வைத்திருக்காதீர்கள். டாக்டர் அனுமதித்த நாளிலிருந்து, பக்கத்து விரலோடு சேர்த்து ஒட்டிக்கொண்டு மடக்கி நீட்டிப் பழகுங்கள். மெஷினில் எப்போது உட்காரலாம், குடம் எப்போது தூக்கலாம் என்பதை அடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அந்தக் கையில் மோதிரம் இருந்தால் இன்றே கழற்றிவிடுங்கள். வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.